மன்னிக்காத தாய் நன்மை வாங்கலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அவவின் அண்ணா 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிற தாய்மாரின் போராட்டப் பந்தலில் அம்மா அண்ணாவின் படத்தோடு இருக்கிறா. தவக்காலத்தில் கேட்ட ஒரு பிரசங்கத்தில் "மன்னிக்காத மனதோடு நன்மை வாங்கக்கூடாது" என்று சொல்லப்பட்டதிலிருந்து, பூசைக்குப் போனாலும் அம்மா நன்மை, அதாவது நற்கருணை, வாங்காமல் பின் வாங்கிலேயே இருந்துவிடுகிறா. இதற்குள், பக்கத்து வீட்டுக்கு செபிக்க வந்த சபைக்காரர் ஒருவர் வன்னியில் நடந்ததெல்லாம் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "கடவுள் ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் என்றால் எங்கட நீதி எங்கே? அது மறுமையில் மட்டும்தானா?" என்று கேட்டு முடித்திருக்கிறா.

கேள்வி கடவுளின் நீதியைப் பற்றியது என்றாலும், அதற்குள் இன்னொன்று இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நீதி கேட்டுக்கொண்டே இருக்கிற அவவின் அம்மா கடவுளுக்கு விரோதமாக நிற்கிறாவா என்பதுதான் அது. நான் குருவானவர் அல்ல. இறையியல் படித்து, வன்னிப் பங்குகளில் மறையாசிரியர்களுக்குப் பல வருடங்களாக விவிலியம் படிப்பித்து வருகிறவன். செட்டிகுளம் முகாம்களில் சனம் அடைபட்டிருந்த காலத்திலும் அதன்பிறகும் இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மாவைப் பற்றிய பகுதிக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் பதில் சொல்லலாம்: இல்லை, அவ கடவுளுக்கு விரோதமாக நிற்கவில்லை. கடவுளின் நீதியைப் பற்றிய பகுதியில் சில இடங்களில் உறுதியாகப் பேசலாம், சில இடங்களில் முடியாது. அதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தண்டனைக் கதையை எடுத்து எறிந்துவிடுங்கள். இது என் அபிப்பிராயம் அல்ல, இயேசுவே பதில் சொன்ன கேள்வி. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத் தொடக்கத்தில், பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவருகிறார்கள். வழிபாட்டில் இருந்த சனத்தை அரச படை கொன்ற செய்தி அது. 1999 நவம்பரில் மடுக் கோயில் வளவுக்குள் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்ததை அறிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, இல்லை என்று தானே மறுமொழியும் சொல்கிறார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றியும் அதே பதில்தான். யோபு நூலின் முடிவிலும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று யோபுவுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்த நண்பர்கள்மேல்தான் கடவுள் கோபப்படுகிறார். கடவுளோடு வாக்குவாதப்பட்ட யோபுதான் சரியாகப் பேசினவன் என்று அவரே சொல்கிறார். பங்கருக்குள் செத்த குழந்தையை வைத்து பாவக்கணக்குப் பார்க்கிறவர்கள் அந்த நண்பர்களின் வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்தது நீதி கேட்பது. அதைச் செபத்துக்குப் புறம்பான காரியமாக, "அரசியலாக" பார்க்கிற பழக்கம் எங்கள் கோயில்களில் இருக்கிறது. ஆனால் மனந்தளராமல் செபிப்பது எப்படி என்று காட்ட இயேசு யாரை எடுத்துக்காட்டினார்? செபமாலையோடு மூலையில் இருந்த ஒருவரை அல்ல. நீதிமன்ற வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய், "என் எதிராளியிடமிருந்து எனக்கு நீதி வாங்கித் தாரும்" என்று நச்சரித்த ஒரு கைம்பெண்ணை (லூக்கா 18). அந்த நடுவன் கடவுளுக்கும் அஞ்சாதவன், மனிதரையும் மதிக்காதவன். அவனிடம் போவதில் பலனில்லை, வீட்டில் இருந்து செபி என்று கதை சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் குந்தியபோது அந்தக் கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பந்தலில் சைவத் தாயும் வேதக்காரத் தாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரத்தில் கடவுள் கேட்பதாகச் சொல்கிற அழுகுரலுக்கும் மதம் கேட்கப்படவில்லை: அந்நியர், கைம்பெண், அநாதை என்றுதான் இருக்கிறது.

இன்னொரு இடத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். திருவெளிப்பாடு 6ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் அடியிலிருந்து "இன்னும் எவ்வளவு காலம்?" என்று உரத்துக் கேட்கின்றன. எங்கள் இரத்தத்துக்கு எப்போது நியாயம் தீர்ப்பீர் என்பது அவர்களின் கேள்வி. அவர்கள் மோட்சத்தில் இருக்கிறவர்கள். கடவுளுக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்கிறார்கள். வாயை மூடு, மன்னித்துவிடு என்று கடவுள் அவர்களை அதட்டவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கச் சொல்கிறார். மோட்சத்தில் பாவமில்லாத ஒரு கேள்வி கிளிநொச்சி ரோட்டோரத்தில் எப்படிப் பாவமாகும்?

உலகத்தின் முதல் கொலைக்குப் பிறகு கடவுள் கேட்ட கேள்வியும் "உன் சகோதரன் எங்கே?" என்பதுதான். இந்தக் கேள்வியை எங்கள் திருச்சபையும் ஒருமுறை மிகத் துணிவாகக் கேட்டது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் போனபோது வெறும் உபதேசத்தோடு போகவில்லை, கணக்கோடு போனார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிகள் (மாவட்டச் செயலகங்கள்) பதிந்த சனத்தொகையிலிருந்து, வெளியே வந்ததாக ஐ.நா. சொன்ன தொகையைக் கழித்தால் 1,46,679 பேர் வருகிறது, அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் கேட்டது கணக்கு. பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லட்டும் என்றார். சரியான பதில் வராமலே 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் இறந்துபோனார். 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரையும் அதன்பிறகு ஒருவரும் காணவில்லை. ஆகவே இந்தத் திருச்சபையும் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைத் தேடுகிற குடும்பம்தான். சில பிரசங்கங்களைக் கேட்கும்போது இதை மறந்துவிட்டார்களோ என்று மனம் நோகிறது.

இனி, ஞாயிறு வாசகங்களில் வராததால் பலருக்குத் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாமுவேல் இரண்டாம் நூல், 21ஆம் அதிகாரம். தாவீதின் காலத்தில் மூன்று வருடம் பஞ்சம். காரணம் கேட்டபோது, முன்னைய அரசன் சவுல் கிபயோனியரைக் கொன்ற இரத்தப்பழி நாட்டின் மேல் இருக்கிறது என்று கடவுள் சொல்கிறார். கிபயோனியர் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்க, தாவீது கொடுத்துவிடுகிறான். ஏழு பேரும் மலையில் கொல்லப்பட்டு அப்படியே விடப்படுகிறார்கள். அதில் இரண்டு பேரின் தாய் ரிஸ்பா. அவள் சாக்குத் துணியைப் பாறையில் விரித்து இருந்துவிட்டாள். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும் வரைக்கும், பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. தன் பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும் அல்ல, ஏழு பேரையும் காத்தாள். அந்த அதிகாரம் முழுக்க அவள் ஒரு சொல்லும் பேசியதாக எழுதப்படவில்லை. ஆனாலும் செய்தி அரசனின் காதுக்குப் போகிறது. அவன் எலும்புகளைச் சேகரிக்கச் செய்து, சவுலையும் யோனத்தானையும் அவர்களின் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்விக்கிறான். அதற்குப் பிறகுதான் நாட்டுக்காகச் செய்த மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்று 14ஆம் வசனம் முடிகிறது.

ஏழு பேரைக் கொன்ற உடனே கடவுள் மனமிரங்கினார் என்று அந்த நூல் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எலும்புகள் மரியாதையோடு சேர்க்கப்பட்ட பிறகு என்றே எழுதியிருக்கிறது. இதை வைத்து, பழிக்குப்பழி கடவுளின் நீதி அல்ல, இறந்தவர்களைத் தேடி எடுத்து அடையாளம் கண்டு அடக்கம் செய்வதில்தான் அவருடைய நீதி தொடங்குகிறது என்று நான் படிப்பிப்பது வழக்கம். இது என் வாசிப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். தாவீது தனக்குப் போட்டியான வம்சத்தை ஒழிக்க இந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தினான் என்று சில விவிலிய அறிஞர்கள் கருதுகிறார்கள். குற்றமற்ற ஏழு பேரைக் கையளித்ததை அந்த நூல் சரியென்றும் சொல்லவில்லை, பிழையென்றும் சொல்லவில்லை. அந்த இடம் எனக்கு இன்னும் இடறலாகவே இருக்கிறது. ஆனால் ரிஸ்பாவின் காவலைப் பற்றிச் சந்தேகமில்லை. அவள் அசையாமல் இருந்ததால்தான் அரசன் அசைந்தான். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு நிலம் வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன. அங்கே போய் நின்ற தாய்மாரைப் பார்த்தபோது, இந்த அதிகாரத்தை ஒவ்வொரு பங்கிலும் வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். அதோடு இணைச்சட்டம் 21ஐயும் வாசிக்கலாம்: வெளியில் ஒரு பிணம் கிடந்து கொன்றவன் யார் என்று தெரியாவிட்டால், மூப்பர்கள் வந்து எந்த ஊர் கிட்ட என்று அளந்து பார்க்க வேண்டும், அந்த ஊர் முன்னால் வந்து பொறுப்புச் சொல்ல வேண்டும். ஆள் யாரென்று தெரியாது என்று விட்டுவிட அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அதே கதையில் எங்களுக்குக் கசக்கிற ஒரு பகுதியும் உண்டு. சவுல் ஏன் கிபயோனியரைக் கொன்றான்? தன் சொந்த இனத்தின் மேல் கொண்ட வைராக்கியத்தால் என்று 2ஆம் வசனம் சொல்கிறது. கிபயோனியர் அந்த நாட்டிலேயே வாழ்ந்த சிறுபான்மையினர், பாதுகாப்புத் தருவதாக ஆணையிட்டுக் கொடுக்கப்பட்டவர்கள். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்களைப் புலிகள் வெளியேற்றியபோது, அவர்களின் அழுகுரலும் இதே கடவுளிடம்தான் போனது. போரின் கடைசிக் காலத்தில் இயக்கத்தில் சேர்க்கப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருடைய குரலும் அப்படியே. ஒடுக்கப்பட்டவர்களின் கடவுள் என்று நாங்கள் அறிக்கையிட்டால், எங்கள் கையால் ஒடுக்கப்பட்டவர்களையும் சேர்த்தே அறிக்கையிட வேண்டும். இதனால் அம்மாவின் கோரிக்கை ஒரு குன்றிமணி அளவும் குறையாது. எங்கள் கோரிக்கை இனத்துக்காக மட்டும் அல்ல, நீதிக்காக என்பது அப்போதுதான் வெளிப்படும்.

இப்போது மன்னிப்பு. அம்மாவுக்கு எதிராகச் சொல்லப்படுவது பெரும்பாலும் மத்தேயு 5ஆம் அதிகாரம்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள். அந்த வசனத்தை ஆறுதலாக வாசியுங்கள். "உன் சகோதரருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று" நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது. எழும்பிப் போக வேண்டியவர் குற்றம் செய்தவர். பறிகொடுத்தவரை அந்த வசனம் எழுப்பி அனுப்பவில்லை. மாற்கு 11:25 இதைவிடக் கடினமானது. யார்மேலாவது உனக்கு மனக்குறை இருந்தால் மன்றாடும்போது மன்னித்துவிடு என்று அது பாதிக்கப்பட்டவரிடமே கேட்கிறது. அதை நாங்கள் ஒளிக்கக்கூடாது. கிறிஸ்தவருக்கு மன்னிப்பு விருப்பப் பாடம் அல்ல. ஆனால் எதை மன்னிப்பது, யாரை மன்னிப்பது? செய்தவன் யாரென்று தெரியாது, என்ன செய்தான் என்றும் தெரியாது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆளின் கதி மறைக்கப்பட்டிருக்கும்வரை அது தொடர்கிற குற்றம் என்பதே அந்தச் சட்டத்தின் பார்வை. அதாவது அம்மாவுக்குச் செய்யப்பட்ட அநியாயம் 2009இல் முடிந்துபோகவில்லை, இன்று காலையும் செய்யப்படுகிறது. செய்துகொண்டே இருக்கிறவன் முன்னால், முடிந்துவிட்டது என்று அவவைச் சொல்லச் சொல்வது மன்னிப்பு அல்ல.

மன்னிப்புக்கு உதாரணமாகக் குருக்கள் அடிக்கடி சொல்வது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை. 1981 மே 13 அன்று தன்னைச் சுட்ட மெஹ்மெத் அலி ஆஜா என்ற துருக்கியனை அவர் மன்னித்தார், 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ச் சந்தித்தார். உண்மை. ஆனால் அந்த மனிதன் 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான். மன்னித்தேன், ஆகவே விசாரணையும் வேண்டாம் வழக்கும் வேண்டாம் என்று திருத்தந்தை சொல்லவில்லை. 2002 சமாதான நாள் செய்திக்கு அவர் வைத்த தலைப்பு "நீதி இல்லாமல் சமாதானம் இல்லை, மன்னிப்பு இல்லாமல் நீதி இல்லை" என்பது. மன்னிப்பு பழிவாங்கலுக்குத்தான் எதிரானது, நீதிக்கு எதிரானது அல்ல என்று அதற்குள் தெளிவாகவே சொல்கிறார். எங்கள் பிரசங்கங்களில் பல நேரம் தலைப்பின் பின்பாதி மட்டும் வருகிறது. 1985இல் தென்னாப்பிரிக்காவில் இறையியலாளர்கள் எழுதிய கைரோஸ் ஆவணம் இதே நோயைத்தான் சுட்டிக்காட்டியது: அநீதியை அப்படியே வைத்துக்கொண்டு ஒப்புரவு பேசும் திருச்சபை, ஒடுக்குகிறவனுக்கே உதவி செய்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேகூட, மாடு களவெடுத்தவன் மன்னிப்புக் கேட்டால் எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று குருவானவர் சொல்வார். சக்கேயு நாலு மடங்காகக் கொடுக்கிறேன் என்று தானே எழும்பிச் சொன்னான். ஒரு மாட்டுக்கு இருக்கிற நியாயம் ஒரு மகனுக்கு இல்லையா?

இதுவரை உறுதியாகச் சொல்ல முடிந்தவை. கடவுள் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த இறையியல் எதுவும் முழு விடை தரவில்லை. மனித சுதந்திரம் என்பார்கள். அது கொன்றவனுக்குச் சுதந்திரம் இருந்ததை விளக்கும், செத்த பிள்ளைக்கு ஏன் தப்பும் சுதந்திரம் இருக்கவில்லை என்பதை விளக்காது. சிலுவையில் கடவுள் எங்களோடு துன்பப்பட்டார் என்பார்கள். அதை நான் முழுமனதோடு விசுவசிக்கிறேன். கடவுள் எந்தப் பக்கம் நின்றார் என்பதைச் சிலுவை காட்டுகிறது, ஏன் என்பதைச் சொல்லவில்லை. இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கேட்டுத்தான் இறந்தார். ஏன் என்று கேட்பவருக்கு விளக்கம் கொடுக்க அவசரப்படுகிறவர்களைவிட, போரின் கடைசி மாதங்களில் வெளியேறாமல் சனத்தோடு பதுங்குகுழியில் இருந்த குருக்களும் கன்னியர்களும்தான் எனக்குச் சரியான இறையியல் படிப்பித்தார்கள்.

மறுமையில் மட்டுமா என்றால், மறுமையில் நிச்சயம் உண்டு. இறந்தோர் உயிர்ப்பும் பொதுத் தீர்வையும் எங்கள் விசுவாச அறிக்கையிலேயே இருக்கின்றன. கொன்றவன் நிம்மதியாகச் செத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடாது. ஆனால் அதைக் காட்டி இங்கே நீதி கேட்பதை அடக்குவதற்கு விவிலியத்தில் அனுமதி இல்லை. நாபோத்தைக் கொன்று அவனுடைய திராட்சைத் தோட்டத்தை எடுத்த ஆகாபு அரசனிடம், தீர்வை நாளில் பார்த்துக்கொள்வோம் என்று எலியா சொல்லவில்லை. அந்தத் தோட்டத்துக்குள்ளேயே போய், கொலையும் செய்து காணியையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். கேப்பாப்பிலவுச் சனம் 2017இல் படையினர் பிடித்துவைத்திருந்த தங்கள் காணிக்காக முகாம் வாசலில் இருந்தபோது எலியாவின் கேள்வியைத்தான் கேட்டார்கள். இங்கே நீதி கிடைக்கும் என்று விவிலியம் திகதி குறித்துத் தரவில்லை. அம்மாவின் காலத்துக்குள் கிடைக்கும் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடக்கூடும். பந்தலில் இருந்த தாய்மாரில் பலர் பதில் கேட்காமலே இறந்துபோனார்கள். அவர்களின் கேள்வி பலிபீடத்தடியில் கேட்கப்படுகிறது என்பது என் விசுவாசம். சாட்சியமாகக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. அம்மாவை நன்மை வாங்கச் சொல்லுங்கள். கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2843ஆம் எண்ணை எடுத்துக் காட்டுங்கள்: இழைக்கப்பட்ட தீமையை உணராமல் இருப்பதும் மறப்பதும் எங்கள் கையில் இல்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நோவும் கோபமும் பாவம் அல்ல. இதைச் செய்தவர்களின் பிள்ளைகளும் இப்படியே சாக வேண்டும் என்ற எண்ணம் வந்து அவவைக் குழப்பினால் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். அந்தப் பிரசங்கம் செய்த சுவாமியிடம் போகக் கூச்சமாக இருந்தால் வேறு பங்கில் ஒருவரிடம் போகலாம், அதில் குற்றமில்லை. முடியுமானால் நீங்கள் அந்தச் சுவாமியோடும் மரியாதையாகக் கதையுங்கள், 2 சாமுவேல் 21ஐ வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பல இளம் குருக்கள் கேட்டால் யோசிப்பவர்கள்தான்.

அண்ணாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் பட்டியலில் பெயர் எழுதச் சொல்லி வற்புறுத்தப்பட்டு அழுத தாய்மாரை எனக்குத் தெரியும். எழுதினால் மகன் செத்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். எழுதத் தேவையில்லை. திருச்சபைச் சட்டம் 901ஆம் இலக்கப்படி பூசையை உயிரோடு இருப்பவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். பூசைக் கருத்துக் கொடுக்கும்போது இறந்த ஆன்மா என்று சேர்க்காமல், அண்ணாவின் முழுப்பெயரைச் சொல்லி, "காணாமல் ஆக்கப்பட்டுத் தேடப்படுகிற மகனுக்காக" என்று எழுதிக் கொடுங்கள். பீடத்தில் அப்படியே வாசிக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.